ஷெனாயா, வயலினா

பெலிசியா அந்த வாட்ஸப் குழுவில் சேர்ந்தது கொரோனா அடங்கிய வருஷம். எண்பதுகளில் சில படங்களுக்கு மட்டும் இசையமைத்துவிட்டுக் காணாமல் போன தணிகைநாதன் என்பவரின் ரசிகர்கள் கூடிய குழு அது. அந்த மனிதரை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது தான் ஒருத்தி மட்டுமே என்று பெலிசியா எண்ணியிருந்தாள். குழுவில் இருந்த எல்லோருமே அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அதனால் ஒருவரையொருவர் கண்டுகொண்ட பிறகு பேச்சு ஓயவே இல்லை. விடிந்ததும் பவானி அக்கா ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் வைப்பார். யாராவது பழைய கேசட் அட்டையைப் படம் பிடித்துப் போடுவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருடைய மகனுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதெல்லாம் பாட்டுகளுக்கு நடுவே வந்துபோகும். குழுவைத் தொடங்கிய எழிலன் நெல்லிக்குப்பத்துக்காரன், கரும்பாலையில் வேலை. யாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஆனால் குழு உண்மையில் விழித்துக்கொள்வது ஞானம் சார் வந்த பிறகுதான். சிதம்பரத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ஞானசேகரன். தினமும் காலையில் ஏதாவது ஒரு பாட்டின் இடையிசையைப் பற்றி எழுதுவார். பாடகரைப் பற்றியோ வரிகளைப் பற்றியோ ஒரு சொல் இருக்காது.

‘பல்லவி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் யாரும் பாடல. ரெண்டு வயலினு. ஒண்ணு கேள்வி கேக்குது, இன்னொண்ணு பதில் சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்குது. பாத்துட்டே இருந்த தபேலா நடுவுல பூந்து சமாதானம் பண்ணுது.’

படித்ததும் எல்லோரும் அந்தப் பாட்டைத் தேடிப்போய்க் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறவள் பெலிசியா.

‘சார், காதக் கழுவிட்டுக் கேளுங்க. ரெண்டாவதா வர்றது வயலின் இல்ல, ஷெனாய்.’

‘பெலிசியாம்மா, ஷெனாய்க்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரியாதவங்கள உங்க கோயில்ல எப்படிப் பாட விடுறாங்க?’

அவள் கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவள். வேலை செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் அலுவலகத்தில். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுத்தால், இறங்கும்வரை ஞானம் சாரோடு வம்புதான். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். வீட்டில் அம்மா அந்தோணிமேரியைத் தவிர வேறு ஆளில்லை. இப்படி உரிமையோடு ஒருவரிடம் வாயாடி எத்தனையோ காலமாயிருந்தது. சில சமயம் இடையிசையைத் தானே முணுமுணுத்து வாய்ஸ் நோட்டாக அனுப்புவாள். அதற்கு மட்டும் அவர் வாதாட மாட்டார். ‘ஆஹா’ என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் கை தவறிக் குழுவுக்கு வேறொன்றை அனுப்பிவிட்டாள். அம்மா வாசலில் மீன்காரியோடு மல்லுக்கு நின்ற சத்தம். “காலையில புடிச்ச மீனாடி இது? கண்ணப் பாரு, செவந்து கெடக்குது!”

அவள் அதைக் கவனித்து அழிப்பதற்குள் ஞானம் சாரின் பதில் வந்துவிட்டது. ‘ஆஹா! அந்த மேல் ஸ்தாயில என்னா ஒரு இழுப்பு!’

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. பெலிசியாவும் சிரித்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. அது கிண்டல் இல்லை. அவர் கேட்கவே இல்லை. இதுவரை அவள் பாடி அனுப்பிய எதையுமே கேட்டிருக்க மாட்டார். அவருக்குத் தனியாக எழுதினாள்.

‘இத்தன நாளும் கேக்காமலேதான் ஆஹா போட்டீங்களா சார்?’

அவர் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாள் குழுவில் இடையிசையும் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. எழிலன் போன் செய்து பார்த்தான், எடுக்கவில்லை. தன் கேள்விதான் அவரைப் புண்படுத்திவிட்டது என்று பெலிசியாவுக்கு வேலையே ஓடவில்லை. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், செம்மங்குப்பத்திலேயே சிதம்பரம் பஸ் ஏறினாள்.

ஞானம் சாரின் ஸ்டுடியோ மேலவீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறி, “சார்” என்று கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி அமிர்தம்.

“யாரும்மா நீங்க? ஆல்பம் வாங்க வந்தீங்களா?”

“இல்லீங்க. கடலூர்லேருந்து வர்றேன். பெலிசியான்னு...”

அமிர்தத்தின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. “நீதானா அது? உன்னப் பத்திப் பேசாத நாளே கெடயாது. வாம்மா.” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். “அவருக்குக் காது கேக்காதும்மா. ரெண்டு வருஷமாச்சு. சுத்தமா கேக்காது.”

காதைக் கழுவிட்டுக் கேளுங்க என்று எத்தனை முறை எழுதியிருப்பாள்.

அமிர்தம் தோளைத் தொட்டதும் ஞானசேகரன் திரும்பினார். நரைத்த மீசை, தடித்த கண்ணாடி. யார் என்று புரிந்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் தள்ளினார். அவர் பேச்சு அளவுக்கு மீறிச் சத்தமாகவும், ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருந்தது.

“உக்காருங்கம்மா. கோவமாத்தான வந்தீங்க?”

அவள் போனில் எழுதினாள். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அவள் எழுத, அவர் தன் போனில் படித்து வாயால் பதில் சொன்னார்.

முதலில் வலது காது போனது. சில மாதத்தில் இடதும். ஊசி, மாத்திரை, சென்னை ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று. “மெஷினு வச்சுப் பாத்தேம்மா. சத்தம் வருது, பாட்டு வரல. தகரத்தப் போட்டு இழுக்குற மாதிரி இருக்குது. கழட்டிப் போட்டுட்டேன்.” கல்யாண வீடியோவில் பாட்டுச் சேர்ப்பதுதான் அவருக்குக் கைவந்த வேலை. அதை இப்போது வேறு யாரிடமோ கொடுக்கிறார்கள். அவர் ஆல்பம் மட்டும் செய்கிறார்.

‘அப்ப தினம் எழுதுறதெல்லாம்?’

“நெனப்புல இருக்குறதுதான். காது போனதும் அதுவும் போயிடும்னு பயந்து எழுத ஆரம்பிச்சேன். எழுதுனா மட்டும் பத்தலம்மா. யாராவது இல்லன்னு சொல்லணும். நீங்க ஷெனாய்னு சொன்ன அன்னைக்கி, அந்தப் பாட்ட நாள் பூரா மண்டைக்குள்ள ஓட்டிப் பாத்தேன். வயலின வச்சுப் பாத்தேன், ஷெனாய வச்சுப் பாத்தேன். எத்தன தடவ கேட்டிருப்பேன் அன்னைக்கி!” சொல்லிவிட்டுக் குழந்தையைப் போலச் சிரித்தார். “அது ஷெனாய்தானா?”

பெலிசியா தலையாட்டினாள். கண்ணீர் வந்துவிட்டது.

“இதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்லல” என்றார். “குரூப்ல சொல்லிடாதீங்க. பாவம்னு நெனச்சா எங்கூட யாரும் சண்ட போட மாட்டாங்க.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

அதன்பின் வந்த மாதங்கள்தான் அந்தக் குழுவின் நல்ல காலம். பெலிசியா வாய்ஸ் நோட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எழுத்தில் சொன்னாள். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எது நுழைகிறது, எது விலகுகிறது என்று அவர் பாணியிலேயே எழுதி அவரை மடக்கினாள். அவர் விடவில்லை. மற்றவர்கள் கட்சி பிரிந்து நின்றார்கள். பவானி அக்காகூட ரோஜாப்பூவை மறந்து மத்தளத்தைப் பற்றிப் பேசினார்.

அந்த உற்சாகத்தில்தான் எழிலனுக்கு அந்த யோசனை வந்தது. எல்லோரும் ஒரு நாள் நேரில் சந்திக்கலாம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். கீபோர்டு, தபேலா, பாட்டு. சிறப்புப் பேச்சு ஞானம் சார்.

அவர் உடம்பு சரியில்லை என்றார். தேதியை மாற்றினான். அன்று கல்யாண வேலை என்றார். மறுபடியும் மாற்றினான். மூன்றாவது முறையும் அவர் மறுத்ததும் குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. செந்தமிழ்செல்வன் என்ற ஆள் வெளிப்படையாகவே எழுதினான்.

‘எழுத்துலதான் பெரிய ரசிகர். நாலு பேரு முன்னாடி வந்தா சாயம் வெளுத்துடும்னு பயம். நம்மளயெல்லாம் மதிக்கல, அவ்ளோதான்.’

அதன் கீழே கைதட்டல் படங்கள் விழுந்தன. ஞானம் சார் படித்திருந்தார், எதுவும் எழுதவில்லை. பெலிசியாவால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து எழிலனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அவர வற்புறுத்தாத. கூட்டத்துக்கு வந்து அவரு என்னா பண்ணுவாரு? அவருக்குக் காது கேக்காதுப்பா.”

மறுமுனையில் எழிலன் அழுதுவிட்டான். “ஐயோ, தெரியாமப் போச்சேக்கா.”

“யார்கிட்டயும் சொல்லிடாத. அவரு கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்.”

“சொல்ல மாட்டேங்க்கா.”

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் மாலைக்குள் செந்தமிழ்செல்வன் இன்னும் இரண்டு வார்த்தை எழுதியிருந்தான். அதைப் பொறுக்காமல் எழிலன் எல்லோருக்கும் எழுதிவிட்டான். ‘ஞானம் சாரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவருக்குக் காது கேட்காது. கேட்காமலேதான் நமக்கு இவ்வளவும் தந்திருக்கிறார். அவர் தெய்வம்.’

பெலிசியா திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பார்த்தாள். கும்பிடும் கைகள் திரை முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தன. செந்தமிழ்செல்வன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். பவானி அக்கா ஒரு நாட்டு வைத்தியரின் விலாசம் கொடுத்தார். ஒருவர் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். எல்லோரும் மனதாரத்தான் எழுதினார்கள். ஞானம் சார் ‘நன்றி’ என்று மட்டும் போட்டார்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல ஓர் இடையிசையை எழுதினார். வீணை வருகிற இடத்தில் புல்லாங்குழல் என்று எழுதியிருந்தார். குழுவில் யாருக்கும் தெரியாத பாட்டு அல்ல அது.

‘அற்புதம் சார்.’ ‘கண்ணீர் வந்துவிட்டது சார்.’ ‘எப்படி சார் உங்களால முடியுது?’

‘தப்பு இருந்தா சொல்லுங்க’ என்று எழுதினார்.

‘உங்களுக்குத் தப்பே வராது சார்.’

பெலிசியா எழுதினாள். ‘அது புல்லாங்குழல் இல்ல சார், வீணை. தூக்கமா?’

அவர் பதில் எழுதுவதற்குள் மற்றவர்கள் பாய்ந்தார்கள். ‘மனசாட்சி இருக்காம்மா?’ ‘காது கேக்காதவர்கிட்டயா உங்க வெளாட்டு?’ பவானி அக்காவும், ‘பெலிசியா, இது உனக்கு அழகில்ல’ என்றார். அவரைக் குத்திக்காட்டுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சற்று நேரத்தில் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. ஞானசேகரன் குழுவிலிருந்து விலகினார்.

அவள் அந்த வாரமே சிதம்பரம் போனாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

“உங்க மேல கோவம் இல்லம்மா. என்னைப் பேசுறாங்கன்னு வருத்தப்பட்டுதான சொன்னீங்க. அந்தத் தம்பியும் அதனாலதான் சொல்லியிருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா முடிஞ்சு போச்சு.”

‘நாம ரெண்டு பேரும் பேசுவோம் சார். குரூப் எதுக்கு? நான் சண்ட போடுறேன்’ என்று எழுதிக் காட்டினாள்.

சரி என்றார். அவர் காலையில் எழுதி அனுப்ப, அவள் பஸ்ஸில் உட்கார்ந்து பதில் எழுதினாள். ஆனால் முன்பு போல வரவில்லை. ‘தப்பு’ என்று எழுதுவாள், அழிப்பாள். ‘எனக்கு வேற மாதிரி தோணுது’ என்று மாற்றுவாள். கேலியாக ஒன்றை எழுதிவிட்டு, இது அவரை உறுத்துமோ என்று நினைத்து அதையும் அழிப்பாள். கடைசியில் ஒரு சின்ன வரி போகும். அவள் நீண்ட நேரம் எழுதிக்கொண்டே இருப்பது அந்தப் பக்கம் அவர் திரையில் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து அவர் எழுதினார். ‘நீங்களும் யோசிச்சுதான் பேசுறீங்கம்மா இப்பல்லாம். சிரமப்படாதீங்க.’

இல்லை என்று எழுத நினைத்தாள். அது பொய் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனி வாசலில் பஸ் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் கூப்பிட்டதும் இறங்கினாள். பதில் எழுதவே இல்லை.

பிறகு பொங்கலுக்கு அவள் வாழ்த்து அனுப்பினாள். ஈஸ்டருக்கு அவர் அனுப்பினார். அவ்வளவுதான். எழிலன் குழுவைக் கலைக்கவில்லை. பவானி அக்காவின் ரோஜாப்பூ மட்டும் தினமும் வந்தது. பெலிசியா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் அதிலிருந்து வெளியே வந்தாள்.

ஆடி மாதத்தில் அமிர்தம் போன் செய்தார். கடலூரில் ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தாராம்.

“அவரு எப்படி இருக்காரும்மா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்காரு. வேல ஜாஸ்தி. நேரத்துக்குச் சாப்புடுறாரு, டிவியில கிரிக்கெட்டு பாக்குறாரு.” விசேஷ வீட்டின் இரைச்சலுக்கு மேல் அமிர்தம் குரலை உயர்த்தினார். “காது போன பொறவும், தூக்கத்துல அவரு வெரலு தாளம் போட்டுட்டே இருக்கும்மா. எம் முதுகுல, தலகாணில, எங்க கை கெடக்குதோ அங்க. எந்நேரமும் தொந்தரவுன்னு திட்டுவேன். இப்ப நின்னுபோச்சு. உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

“எப்பலேருந்தும்மா?”

“தெரியல. நின்ன பொறவுதான் கவனிச்சேன்.”

அந்தப் பக்கம் யாரோ அமிர்தத்தைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். “வச்சிடட்டுமாம்மா?” என்று கேட்டு, அமிர்தம் போனை வைத்தார்.