ஏழாவது இடம்

மனிதன் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானவை எவை என்று முடிவு செய்ய, அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. ஒருத்தி குழாயம்மா. கழிப்பறைகளின் வரலாற்றைச் சொல்லும் அறைக்கு இருபது வருடமாகப் பொறுப்பு. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் அவளுடைய அக்கா புருஷன், கடிகார அறைக்காரர். வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

புதிய முன்கூடத்தில் ஏழு பொருள்களுக்குத்தான் இடம். சக்கரம், அச்சு இயந்திரம், தடுப்பூசி என்று ஆறு பொருள்கள் சண்டையில்லாமல் உள்ளே போய்விட்டன. ஏழாவது, கடிகாரமா ஃப்ளஷ் கழிப்பறையா என்பதில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஜெயித்த பொருளோடு அதன் பொறுப்பாளரும் முன்கூடத்துக்குப் போகலாம். தோற்றது, ஊருக்கு வெளியே ஈ காக்கை எட்டிப்பார்க்காத கிடங்குக்கு. அதன் ஆளும் கூடவே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அத்தான் எழுந்து, நேரம் மட்டும் இல்லையென்றால் ரயில் ஏது, தொழிற்சாலை ஏது என்று முழங்கினார். குழாயம்மா தன் முறை வந்ததும் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசைமேல் வைத்தாள். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் வளைவின் மாதிரி அது.

"இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தமும் பூச்சியும் வீட்டுக்குள்ள திரும்பி வராம தடுக்கறது இந்தத் தண்ணிதான். இது வந்தப்புறம்தான் ஊருங்க தாக்குப்பிடிச்சுது."

"பள்ளிக்கூடத்துப் பசங்க உள்ள வந்ததும் மொதல்ல கக்கூஸையா பார்க்கணும்?" என்றார் அத்தான்.

"வந்ததும் மொதல்ல அதைத்தான் அத்தான் கேக்கறாங்க."

யாரோ சிரித்தார்கள். ஆனால் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவள் சொன்னதற்கு அல்ல. இருபது வருடம் கேட்டுப் பழகிய சிரிப்பு. வித்தியாசம் தெரியாதா அவளுக்கு? தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், தேநீர் முடிந்ததும் ஓட்டெடுப்பு என்று அறிவித்தார்.

கட்டடத்துக் கழிப்பறைச் சாவிகளும் அவளிடம்தான் இருந்தன. "அது உன் டிபார்ட்மெண்ட்தானே" என்று அத்தான் எப்போதோ அடித்த நக்கல், அப்படியே உத்தரவாகி நின்றுவிட்டது. தேநீர் வேளையில் அவள் போய் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஓட்டெடுப்புக்கு முன் இன்னொரு சுற்று வாதம் வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். கொஞ்ச நேரத்தில் அத்தான் வெளியே போனார், போன வேகத்தில் திரும்பினார். அடுத்து இன்னொருவர். பிறகு தலைவர். தலைவருக்குச் சர்க்கரை. கீழே இறங்கி எதிர்க்கடைக்குப் போகலாம் என்றால் முழங்கால் மடங்காது, லிப்ட்டும் கிடையாது.

"பூட்டியிருக்கேம்மா" என்றார் மெதுவாக.

"ஓட்டு முடிஞ்சதும் திறந்துடறேன் சார்."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அத்தான் மேசையைத் தட்டினார். "இது என்ன ரவுடித்தனம்? சாவியைக் குடு."

"உங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருங்க அத்தான். எவ்வளவு நேரம் தாங்கும்னு அது சொல்லும்."

அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. தலைவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, "தயவு செஞ்சு குடும்மா" என்றார். கொடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் நெளியட்டும் என்று அவள் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

பெரியவரின் முகம் திடீரென்று தளர்ந்தது. நாற்காலிக்கு அடியில் தரை நனைந்தது. குழாயம்மா பதறிப்போய் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். அத்தான் அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, தலைவரைத் திரும்பியும் பார்க்காமல், தன் அவசரத்துக்கு ஓடினார்.

அவர் திரும்பி வரும்வரை தலைவர் எழுந்திருக்கவில்லை. வந்ததும் பேசினார்.

"இந்தம்மா சொன்னது சரிதான். அதோட அருமை எனக்கு நல்லாவே புரிஞ்சுபோச்சு. ஏழாவது இடம் கழிப்பறைக்குத்தான். ஆனா பக்கத்துல நின்னு விளக்கறதுக்கு இவ வேண்டாம். கடிகாரக்காரர் நிக்கட்டும். இவ கடிகாரங்களோட கிடங்குக்குப் போகட்டும்."

நான்கு கைகள் உயர்ந்தன. அவள் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.

கிடங்குக்குப் போன சில நாள்களில் அத்தானிடமிருந்து போன் வந்தது. பின்னால் குழந்தைகளின் இரைச்சல்.

"ஒரு பொண்ணு கேக்குது. அந்த வளைவு எதுக்குன்னு. என்னமோ சொன்னியே, என்ன அது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க அத்தான். உண்மையைச் சொன்ன மாதிரியும் இருக்கும்."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கவே இல்லை. அந்தப் பெண் குழந்தைக்கு அந்த ஆள் என்னத்தை உளறி அனுப்பினாரோ என்று அன்று முழுவதும் அவளுக்கு வயிறு எரிந்தது.