கலர் புடவை அக்கா

“மேடம், அந்த எழுத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் சொல்லுங்க. எக்ஸாம்ல எதை எழுதறது?” என்று மாணவன் சுகுமார் கேட்டான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் ஜான்சிக்குச் சிரிப்பு வந்தது. நாவல் நடப்பது பக்தி முற்றிப்போன ஒரு பழைய அமெரிக்க ஊரில். முறைதவறிப் பிள்ளை பெற்றவளை மார்பில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைச் சிவப்பில் தைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவளோ அதை ஜரிகை வேலைப்பாட்டோடு தைத்துக்கொள்கிறாள். வருஷங்கள் போனதும் அதே ஊர் அதே எழுத்துக்கு ‘ஏபிள்’, கெட்டிக்காரி என்று அர்த்தம் சொல்கிறது. கைடில் மட்டும் ‘பாவத்தின் குறியீடு’ என்று ஒரே வரி.

“எல்லா அர்த்தத்தையும் எழுதுப்பா. எதை யார் சொன்னாங்கன்னும் சேர்த்து எழுது” என்றாள்.

இந்தப் பாடத்துக்கு அவளுக்குக் குறிப்பே வேண்டியதில்லை. பெருங்களத்தூரில் அவள் போகும் சபையில், மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் பெண்கள் எல்லோரும் வெள்ளைப் புடவையில் வருவார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவளுக்குத் திருவிருந்தும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. கல்யாணமாகாமல் ஜெபினைப் பெற்றதிலிருந்து, அத்தனை வெள்ளைக்கு நடுவே அவள் மட்டும் கலர். முதல் மாதம் சாம்பல் நிறத்தில் ஒடுங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதமே வீம்பு வந்துவிட்டது. எப்படியும் எல்லார் கண்ணிலும் படத்தான் போகிறோம், அதை நல்லதாகவே கட்டினால் என்ன என்று தக்காளிச் சிவப்புச் சுங்குடியை எடுத்துக் கட்டினாள். மூக்கில் விரல் வைத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பல்லாவரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த கங்கம்மாதான் காரியத்தைக் கெடுத்தவள். ஆராதனை முடிந்ததும் நேரே ஜான்சியிடம் வந்து, “இந்தாம்மா, எம் பொண்ணு காலேஜ் சீட்டுக்கு யாரைப் பாக்கணும்? வூட்ல ஒரே பேஜாரா கீது” என்றாள்.

“என்னை ஏங்க கேக்கறீங்க?”

“எல்லாரும் வெள்ளைல கீறாங்க, நீ மட்டும் கலரு. ஜனங்க கஷ்டத்தைக் கேக்கறதுக்குன்னு சர்ச்சுல போட்ட ஆளுன்னு நெனச்சிக்கினேன்.”

இல்லையென்று சொல்ல வாயெடுத்த ஜான்சி, பெண்ணின் மார்க் எவ்வளவு என்று கேட்டாள். அலைந்து திரிந்து அந்தப் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். கங்கம்மா வாய் சும்மா இருக்குமா? புருஷனிடம் அடிவாங்கியவள், வேலை போனதை வீட்டில் சொல்லப் பயந்தவள் என்று ஒவ்வொருத்தியாகக் ‘கலர் புடவை அக்கா’வைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அந்தக் கலர் எதற்கு என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.

இது பொறுக்காமலோ, மனமிரங்கியோ, ஆயரும் பெண்கள் சங்கச் செயலாளர் தபீதாளும் ஒருநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தார்கள். தபீதாள் கையில் புது வெள்ளைப் புடவை.

“முதல் ஞாயிறு இதைக் கட்டிக்கிட்டு வாம்மா” என்றார் ஆயர். “சபை முன்னாடி தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னைக்கே பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துடலாம்.”

அந்த ஞானஸ்நானத்துக்கு அவள் ஏங்காத நாளில்லை. ஜெபின் தபீதாளின் செருப்பை மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு எதைத் தப்பு என்று சொல்வது?

“பொய் பேசியிருக்கேன், பெரியவங்களை எதிர்த்துப் பேசியிருக்கேன். அதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கறேன் ஐயா. இவனைப் பெத்ததுக்குக் கேக்க மாட்டேன்.”

“அப்ப கஷ்டம்மா.”

“ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கொண்டு வர்றேன். கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்.”

சொன்னபடியே வந்தாள், அதே சிவப்புச் சுங்குடியில். ஜெபினை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நேரே நடந்தாள். எங்கும் நிற்கவில்லை. தபீதாள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஞானஸ்நானத் தொட்டியருகே ஆயர் குரலைத் தாழ்த்தி, “என்னம்மா இது? ஞானப்பெற்றோர்னு நிக்கக்கூட ஆளில்லாம எப்படி?” என்றார்.

“நான் நிக்கறேன் பாஸ்டரய்யா” என்று கங்கம்மா எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எத்தனை பேர் எழுந்தார்கள் என்று ஜான்சி திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயர் பழக்கதோஷத்தில் தண்ணீரில் கையை விட்டுவிட்டார். எடுத்த கை பாதியிலேயே நின்றது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெபின் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எம்பி, அந்த ஈர விரலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்.