துரு பிடித்த தெர்மாகோல்

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. எங்களுடையது இல்லை. இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. என் வீட்டுக்காரர் சின்னராசு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறார். அவருடைய சூப்பர்வைசர் பூனாவுக்கு மாற்றலாகிப் போகும்போது, "பத்தே நாள் பாத்துக்கோ, வந்து எடுத்துக்கிறேன்" என்று விட்டுப் போன, முடி புசுபுசுவென்று தொங்குகிற லாசா ஜாதி நாய் அது. அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

வெள்ளை வெளேரென்று, டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் துண்டு மாதிரி இருந்ததால் அதற்குத் தெர்மாகோல் என்று பெயர் வைத்தோம். சூப்பர்வைசர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை, நாயும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

உடம்பெல்லாம் வெள்ளைதான். ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் மூக்கு வரைக்கும் செம்பழுப்பில் இரண்டு கோடு. யாரோ செத்துப்போய் விடிய விடிய அழுத மூஞ்சி. மூன்று வேளையும் தின்றுவிட்டு, என் தலையணையில் படுத்துக்கொண்டு, அந்த மூஞ்சியோடு என்னைப் பார்க்கும். பார்க்கிறவன் நான் ஏதோ அதைக் கொடுமைப்படுத்துகிறேன் என்றுதான் நினைப்பான். பாவி நாய்.

போன புதன்கிழமை வீட்டுக்காரம்மா வந்தார். ஜானகியம்மாள். எங்கள் வரிசையில் ஆறு வீடும் அவருடையது, பின்னால் இருக்கிற நெல் வயலும் அவருடையது. வாசலில் நின்று தெர்மாகோலை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோசம்மா, ஞாயித்துக்கெழம எம்பொண்ணு பூமிகாவப் பொண்ணு பாக்க வராங்க. பெரம்பூர்காரங்க, நல்ல எடம். உன் வாசல தாண்டித்தான் என் ஊட்டுக்கு வரணும். அழுவுற நாயி எதுக்க நின்னா வெளங்குமா?"

"அது எங்களுது இல்லம்மா. சூப்பர்வைசரோடது."

"யாருதா இருந்தா எனக்கின்னா? ஞாயித்துக்கெழமக்குள்ள அது அழுவுறத நிறுத்து. இல்லனா யார்கிட்டயாச்சும் குடுத்துடு. ரெண்டும் முடியாதுன்னா ஊட்டக் காலி பண்ணு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஆனால் தெர்மாகோலை யாரிடமாவது கொடுத்துவிடுவது என்று நினைத்ததும் சோறு இறங்கவில்லை. அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சின்னராசு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மில்லில் எந்தக் கம்பி கெட்டுப்போனாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டுக் கேட்டு மூலகாரணம் கண்டுபிடிப்பார்களாம். அதற்காக ஒருமுறை அவருக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அன்றிலிருந்து குழம்பில் உப்பு அதிகமானால்கூட ஐந்து ஏன். நான் கரண்டியைத் தூக்கினால்தான் நிறுத்துவார்.

சர்ச் காலண்டரின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"மூஞ்சி ஏன் செவப்பா கீது? கண்ணு தண்ணி காயறதால. அது ஏன் செவப்பா காயுது? இது குடிக்கிற போர் தண்ணியே செவப்பு. தண்ணி ஏன் செவப்பு? அதுல இரும்பு கீது." பேனாவை மூடினார். "இரும்பு ஈரத்துல கெடந்தா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"துரு புடிக்கும்மே! நாய்க்குத் துரு புடிச்சிகீது!"

இன்னும் இரண்டு ஏன் பாக்கி இருந்தது. கண்ணில் முதலில் ஏன் தண்ணீர் வருகிறது என்று ஒரு ஏன் கேட்டிருந்தால் போதும். அதைத்தான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் வாங்கினவராயிற்றே என்று நம்பித் தொலைத்தேன்.

கம்பிக்குத் துரு பிடிக்காமலிருக்க மில்லில் எண்ணெய் பூசுவார்களாம். வியாழக்கிழமை காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்முன் தெர்மாகோலை மடியில் போட்டு, முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசினார். கண்ணைச் சுற்றி இரண்டு கோட்டிங். நாய் நக்கி நக்கிப் பார்த்தது. அதற்கு ருசி பிடித்துவிட்டது.

சாயங்காலம் மில் சீருடையோடு வந்தவர், "எங்கடா என் ராசா" என்று அதைத் தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டார். அந்தச் சட்டையில் எட்டு மணிநேர இரும்புத்தூள். நாயின் முகத்தில் காலை எண்ணெய். இறக்கி விட்டபோது எங்கள் வெள்ளை நாய்க்குக் கரி அடுப்பில் தலையை விட்ட மாதிரி ஒரு முகம் இருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?"

"கோடு தெரியல பாத்தியா?" என்றார். வெட்கமே இல்லை.

வெள்ளிக்கிழமை கடலை மாவைக் குழைத்துப் போட்டுக் கழுவலாம் என்று பார்த்தேன். நான் சொம்பு எடுத்து வருவதற்குள் நாக்குக்கு எட்டின மாவையெல்லாம் அது தின்றுவிட்டது. மிச்சத்தைக் கழுவினால் கறுப்பு சாம்பல் ஆனது, சாம்பலுக்கு அடியில் அந்த இரண்டு கோடும் பத்திரமாக இருந்தது. கண்ணும் சிவந்து இன்னும் அதிகமாக வழிந்தது. அன்றைக்கு நான் சமையல் வேலை பார்க்கிற கேன்டீனுக்குப் போய் ஐம்பது பேர் நாஷ்டாவில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பேஜாரான பேஜார்.

சனிக்கிழமை அவரைக் கேட்கவில்லை. நாயைக் கூடையில் போட்டுக்கொண்டு கவரப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் நர்மதா. எனக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு எருமையும். டாக்டர் தெர்மாகோலின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முகத்துல என்னம்மா தடவினீங்க?"

"துருவுக்கு எண்ணெய் டாக்டர்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எருமைக்காரனும் பார்த்தான்.

"துருவும் இல்ல, அழுகையும் இல்ல. முகத்து முடி வளந்து கண்ணுல குத்துது. அதனால தண்ணி வழியுது. கண்ணீர் வழிஞ்ச எடம் ஈரமாவே இருந்தா வெள்ளை முடி சிவந்துடும். சிவந்த முடி திரும்ப வெள்ளையாகாது, வெட்டித்தான் ஆகணும். காலையும் சாயங்காலமும் வெதுவெதுன்னு தண்ணியில பஞ்சு நனைச்சுத் துடைங்க, உடனே காயவைங்க. வேற எதையும் தடவாதீங்க, தயவுசெய்து."

நான் தலையைப் பிடித்துக்கொள்ள, நுனி மழுங்கின கத்தரிக்கோலால் அவரே வெட்டினார், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். வெட்டி முடித்தபோது உரித்த முட்டையில் இரண்டு கண் வைத்த மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் அதன் கண்ணை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு பெரிய கண்! பஸ்ஸில் வரும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு முத்தம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு விடியற்காலை ஆராதனைக்கே போய்விட்டு வந்து, பஞ்சும் கையுமாக வாசலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு ஜானகியம்மாள் பட்டுப்புடவையில் வந்து குனிந்து பார்த்தார். "ம்... பரவால்ல" என்றார். அந்த நேரம் பார்த்து பெரம்பூர்க்காரர்களின் கார், தெருப் புழுதியை மொத்தமாக வாரி எங்கள் மேல் கொட்டிக்கொண்டு வந்து நின்றது. தெர்மாகோலின் இடது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டது. நான் துடைப்பதற்குள் அது கன்னத்தில் இறங்கிவிட்டது. ஜானகியம்மாள் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் காரிலிருந்து இறங்கி நேராக நாயிடம் வந்தார்.

"ஐயோ, லாசா! எங்க ஊட்டுலயும் ஒண்ணு கீது. ஆனா மூஞ்சி பூரா செவப்புக் கோடு. இத மட்டும் எப்படிம்மா இவ்ளோ சுத்தமா வெச்சிகீறீங்க?"

கேட்டாரே, விடுவேனா! முடி, ஈரம், பஞ்சு என்று டாக்டர் சொன்னது அத்தனையும் என் சொந்தப் புத்தி போலச் சொன்னேன். எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சின்னராசு சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுக்கப் பார்த்தார், அவர் காலை மிதித்தேன்.

மணியம்மாள் நாயைத் தூக்கிக்கொண்டார். "யாருது இது?"

"நம்ம ஊட்டு நாயிதாங்க" என்றார் ஜானகியம்மாள், கூசாமல். "உங்களுக்குப் புடிச்சிருந்தா எடுத்துக்கினு போங்க சம்பந்தி! உங்களுதுக்கும் ஒரு ஜோடி ஆச்சு."

இன்னும் யாரும் பெண்ணைப் பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி. மணியம்மாளின் முகம் மலர்ந்தது. தெர்மாகோல் அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, வெட்டின முகத்தோடு, அந்தப் பெரிய கண்ணால் என்னையே பார்த்தது.

"அது என்னுது!"

தெருவே திரும்பியது. அப்படி ஒரு கத்து கத்தியிருக்கிறேன்.

"சூப்பர்வைசரோடதுன்னு சொல்லுவியேமே?" என்றார் சின்னராசு.

"வாய மூடுய்யா. என்னுது. யாருக்கும் குடுக்க மாட்டேன். ஊட்டக் காலி பண்ணச் சொன்னா இத தூக்கிக்கினே போறேன்!" சொல்லும்போதே எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"காலி பண்றதா? இன்னாத்துக்கு?" என்று மணியம்மாள் ஜானகியம்மாளைப் பார்த்தார். "இவங்க இருந்தாத்தானே எங்க நாயையும் கொண்டாந்து முடி வெட்டிக்க முடியும்?"

"சேச்சே, யாரு சொன்னது? அவங்க எங்க போவப்போறாங்க?" என்றார் ஜானகியம்மாள். பட்டுப்புடவை தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மணியம்மாள் தெர்மாகோலை என் கையில் கொடுத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். கீழே கிடந்த பொட்டலத்திலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைக் கிள்ளி நீட்டினார்.

"உடனே தொடச்சிக்கம்மா. ஈரமா வுட்டா செவந்துடும்."

முதலில் தெர்மாகோலுக்குத் துடைத்தேன். அப்புறம் எனக்குத் துடைத்துக்கொண்டேன்.