சேரப்பணஞ்சேரியில் யாரும் சாகவில்லை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலகாரணம் என் கைபேசி. படப்பையில் எங்கள் குடியிருப்பில் ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த கைபேசி திடீரென்று அலறியது. வழக்கமான மணியோசை இல்லை, யாரோ அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி ஓர் அலறல். அரசாங்கம் அனுப்பிய சோதனை எச்சரிக்கை. இது வெறும் சோதனை, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது.

நான் என்ன செய்தேன்? கத்தியும் கையுமாக வெளியே ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றார். மாடியிலிருந்து நாலு பேர் இறங்கி வந்தார்கள். "உங்களுக்கும் வந்துச்சா?" "எனக்கும் வந்துச்சு." அவ்வளவுதான் பேச்சு. எல்லாருக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போனோம்.

மறுபடி கத்தரிக்காயை எடுத்தபோதுதான் உறைத்தது. அது நிஜ எச்சரிக்கையாக இருந்து, காற்றே கெட்டுப்போயிருந்தால்? படிக்கட்டில் நின்று ஆளுக்கு நாலு மூச்சு நன்றாக இழுத்துவிட்டல்லவா போயிருப்போம்?

இதைக் கதையாக்கலாம் என்று உட்கார்ந்தேன். கைபேசி இல்லாத காலம் வேண்டும் என்பதால் 1991 என்று வைத்தேன். (ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், 1991 என்றதும் உங்களுக்கு ஒரு மே மாதம் ஞாபகம் வரும். அது இந்தக் கதையில் இல்லை. அதற்காகவே கதையைப் பிப்ரவரியில் நடத்துகிறேன்.)

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"விடியற்காலை மூடுபனியில் சேரப்பணஞ்சேரி ஏரிக்கரை மெல்ல..." (வேண்டாம். போன கதையிலும் பனிதான் பெய்தது.)

"அணுமின் நிலையம் ஒன்றுக்கு உரிமம் வழங்கும் முன் ஒழுங்குமுறை வாரியம் கவனிக்க வேண்டிய அம்சங்களுள்..." (நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.)

"அமலா செய்த சங்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஊரைப் பார்த்துக் கத்தப்போகிறது." (இது இருக்கட்டும்.)

அமலா படப்பைக்காரி. மின்துறையில் டிப்ளமோ படித்தவள். சேரப்பணஞ்சேரியில் கண்ணப்பன் நடத்தும் பட்டறையில் வேலை. அரிசி ஆலை, நகராட்சி, தீயணைப்பு நிலையம் என்று யார் கேட்டாலும் சைரன் செய்து கொடுக்கிற பட்டறை அது. பலகையில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அது ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆலையில் ஷிப்ட் மாறும்போது ஊதுவது சங்கு, அதைச் செய்கிற இடம் சங்கு கம்பெனி. இந்தச் சங்கு என்கிற வார்த்தையை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் உயிரை வாங்கப்போகிறது.

(1991இல் ஒரு பெண் பட்டறையில் சைரன் வடிவமைத்தாளா என்று நண்பர் ஒருவர் சந்தேகப்பட்டார். அணுமின் நிலையத்தையே நம்பிவிட்டார், அமலாவைத்தான் நம்பவில்லை.)

ஆமாம், அணுமின் நிலையம். கடலோரத்தில் ஒன்று. எந்தக் கடலோரம் என்று வரைபடத்தை எடுக்காதீர்கள். நானே கட்டியது, போன வாரம்தான் பூச்சு வேலை முடிந்தது. ஆனால் கட்டினால் மட்டும் போதாது, உரிமம் வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் சுற்றுவட்டார ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரும் என்று நிரூபிக்காமல் ஒழுங்குமுறை வாரியம் உலையைப் பற்றவைக்க விடாது.*

* அணு உலையைப் பற்றவைப்பதில்லை என்று தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த ஊர்களுக்கான சைரன்கள் அத்தனையும் செய்கிற ஆர்டர் கண்ணப்பனுக்குக் கிடைக்கும். அதற்கு முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து, ஆள் நடமாட்டமுள்ள ஓர் ஊரில் ஊதிக்காட்டி, வாரியத்து அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடைமுறையில் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. என் கதையில் இப்படித்தான்.

"இது போச்சுன்னா ஷட்டர இறக்கிட வேண்டியதுதாம்மா," என்றார் கண்ணப்பன். "வேற ஆர்டரே இல்ல. இத்தினி பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?"

"நல்லா வந்துகீது சார். கவலப்படாதீங்க," என்றாள் அமலா. சொந்தமாக அவள் வரைந்து, சொந்தமாகக் கம்பி சுற்றிப் பூட்டிய முதல் சைரன். கவலை அவளுக்குத்தான் அதிகம்.

3

ஒத்திகைக்கு முதல்நாள் ஊருக்குத் தண்டோரா போட்டார்கள். வாரியம் கொடுத்த வாசகம் இது: "ஒலி எழுப்பும் அபாய எச்சரிக்கைக் கருவியின் ஒத்திகை நடைபெறும். ஒலி கேட்டதும் பொதுமக்கள் வீட்டினுள் சென்று கதவு, சன்னல்களை அடைத்துக்கொள்ள வேண்டும்."

தண்டோராக்காரர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தப்பை அடித்தார்.

"நாளைக்குக் காலீல சங்கு ஊதப்போறாங்கோ! எல்லாரும் வூட்லயே இருங்கோ!"

குழாயடியில் ஒரு குரல் கேட்டது: "நாளைக்கு யாருக்கு?"

இந்தப் பக்கத்தில் சங்கு என்றால் இரண்டு. ஆலைச் சங்கு ஒரே சீராக நீளமாக ஊதும், வேலைக்கு வா என்று அர்த்தம். இன்னொன்று சாவு வீட்டில் ஊதுவது. அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அது கேட்டால் யாரும் சொல்லாமலே தெருவுக்கு வந்து, எந்த வீடு என்று பார்த்து, அங்கே போக வேண்டும். போகாவிட்டால் அப்புறம் முகத்தில் விழிக்க முடியாது.

வாரியத்தின் விதிப்படி அபாய ஒலி எப்படி இருக்க வேண்டும்? ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. அமலா அப்படித்தான் செய்திருந்தாள், அச்சு அசலாக.

4

வாரியத்து அதிகாரி ராஜசேகர். இவரை வில்லனாக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். திருச்சிக்காரர். பேருந்து பிடித்து வந்திருந்தார், டீ வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். ஒலி அளக்கும் கருவியோடு ஊருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியாது, பனைமரங்கள்தான் தெரியும். அவருக்குக் காதுதான் முக்கியம், கண் இல்லை.

அமலா பட்டறை மாடியில் சுவிட்சைப் போட்டாள்.

சைரன் அடிவயிற்றிலிருந்து உறுமி, ஏறி, உச்சத்தில் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு விநாடி அவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. அடுத்த விநாடி கீழே பார்த்தாள்.

ஊரே பீதியில் உறைந்து...

(இல்லை. யாருக்கும் பயமே இல்லை. அதுதானே விஷயம்.)

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாவுக் கையோடு வந்தார்கள், தலையில் துண்டோடு வந்தார்கள், சாப்பிட்ட தட்டோடு ஒருவர் வந்தார். எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. "இன்னா ஆச்சி?" "யாருக்கு?" கம்பெனி சங்கு என்று நினைத்த சிலர் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறை வாசலுக்கு வந்து ஓவர்டைமா என்று கேட்டார்கள். மிச்ச ஊர் முழுக்க ஒரே திசையில் நடந்தது. அது கோதண்டம் வீடு. தீபாவளியிலிருந்து அவர் படுத்த படுக்கை. ஊரில் அப்போது வேறு யாருக்கும் முறை வரவில்லை.

அமலா படியிறங்கி அவர்கள் பின்னால் ஓடினாள்.

5

கோதண்டத்தின் மனைவி பாப்பம்மாள் வாசலை மறித்து நின்றாள். முன்னால் நின்றவர் கையில் சாமந்தி மாலை. தண்டோரா கேட்ட அன்றே சொல்லி வைத்திருப்பார் போல.

"எவன் சொன்னது? கஞ்சி குட்ச்சிகினு கீறாரு மனுசன்! மாலைய எடுத்துகினு வந்துட்டீங்களே, வெக்கமா இல்ல?"

உள்ளேயிருந்து கோதண்டத்தின் குரல்: "அதாரு பாப்பா? யாரு பூட்டாங்கோ?"

"நீதான் பூட்டியாம்!"

"நானா? எப்போ?"

கூட்டம் சிரித்துவிட்டது. மாலைக்காரர் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார். கோதண்டம் விடவில்லை. "நானும் சங்கு சத்தம் கேட்டு, யாருன்னு பாக்கலாம்னு எய்ந்துக்கப் பாத்தன். காலு வரல. சரி, யாருதான் பூட்டாங்கோ?"

"யாருமே சாவல ஐயா," என்றாள் அமலா. "அது நாங்க ஊதுனது. இனிமே இந்தமாரி கேட்டா ஆபத்துன்னு அர்த்தம். யாரும் வெளிய வரக்கூடாது. உள்ள பூந்து கதவ சாத்திக்கணும்."

"எல்லாருமா?" என்றாள் பாப்பம்மாள்.

"எல்லாரும்தாம்மா."

"சொல்றியே கண்ணு. இவர எயுப்பி உக்கார வெக்கவே ரெண்டு ஆளு வேணும். நெசமாலுமே ஆபத்துன்னா, ஊரே கதவ சாத்திக்கினா, என் வூட்டுக்கு யாரு வருவா?"

அமலா சொன்னாள்: "                    "

(இந்த இடத்தை நிரப்ப ஒரு வாரம் முயன்றேன். வாரியத்தின் விதிகளிலும் இதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவளிடம் மட்டும் எங்கிருந்து வரும்?)

6

ராஜசேகர் ஏரிக்கரையிலிருந்து சந்தோஷமாகத் திரும்பினார்.

"பிரமாதம்மா. இவ்வளவு தூரத்துல முள்ளு எங்க நின்னுச்சு தெரியுமா? செவிட்டுக் காதுலயும் விழும்."

கண்ணப்பன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ராஜசேகர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் முன் சும்மா, கடைசிக் கேள்வியாக, தலை நிமிராமலே கேட்டார்:

"ஜனங்க ஒழுங்கா நடந்துகிட்டாங்கள்ல?"

ஊர் தெருவுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. கண்ணப்பன் பார்த்தார், ஆனால் பார்க்காத மாதிரி அமலாவையே பார்த்தார்.

7

முடிவுகள்.

(அ) "ஆமா சார்," என்றாள். கையெழுத்து விழுந்தது. பட்டறைக்கு வாழ்வு வந்தது. என் அணுமின் நிலையத்துக்கும் உரிமம் வந்தது. பிறகு ஒருநாள், அந்தக் கடலோர ஊரில், நிஜமாகவே சங்கு ஊதியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்...

(முடியவில்லை. எனக்கு எழுதப் பயமாக இருக்கிறது. அந்த ஊரிலும் எவராவது ஒரு கோதண்டம் படுத்திருப்பார்.)

(ஆ) "இல்ல சார். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க." ராஜசேகர் பேனாவை மூடினார். ஷட்டர் இறங்கியது. வாரியம் வேறு ஊரில் வேறு பட்டறையைப் பிடித்தது. அங்கே அமலா மாதிரி யாரும் இல்லை, கையெழுத்து விழுந்தது. ஆக, உண்மை பேசியவளுக்கு வேலை போனதுதான் மிச்சம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

(இ) அமலா சைரனோடு ஓர் ஒலிபெருக்கியும் சேர்த்தாள். சத்தம் ஓய்ந்ததும் மனிதக் குரல் தமிழில் சொல்லும்: "எல்லாரும் வீட்டுக்குள்ளே போங்கள்." இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கற்பனையிலேயே பாப்பம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "யார்றா அது பேசறதுன்னு எட்டிப் பாக்க மாட்டமா?" என்றாள்.

8

"சார்..." என்றாள் அமலா.

அதற்குப் பிறகு அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். யோசித்துப் பாருங்கள், இங்கே வரைக்கும் எதற்காக வந்தீர்கள்? யாரும் சாகவில்லை என்று தலைப்பிலேயே எழுதியிருந்தேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் என் கைபேசியிலும் எழுதியிருந்தது. அப்படியும் நான் கத்தியோடு படிக்கட்டுக்கு வந்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணாகத் தாண்டி, இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி என்று கேட்டுக்கொண்டு கோதண்டம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பாப்பம்மாள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ராஜசேகர் இன்னும் பேனாவைத் திறந்தபடியே இருக்கிறார். ஜனங்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்களா என்று கேட்கிறார்.

அமலா உங்களைத்தான் பார்க்கிறாள்.