பக்கத்து சீட்டு பிரேக்

அம்மா ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. காலமெல்லாம் அதை மிதித்துப் பழகிய கால், ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. மகன் ஓட்டும் காரில் உட்கார்ந்தாலும் தரையை அழுத்தும். அங்கே பிரேக் ஏது? சொன்னால் கேட்கிற காலா அது!

அன்றும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அழுத்திக்கொண்டேதான் வந்தாள்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தாண்டியவன். இருட்டுக் குழிக்குள் தலையை விட்டு, எது எங்கே உரசுகிறது என்று தேடிப் பார்க்கிற ஆள். அம்மா விஷயத்தில் மட்டும் சுத்தப் பயந்தாங்கொள்ளி. பல வருஷம் முன்னால் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, அந்த மார்பையே எடுத்தார்கள். டாக்டர் படம் காட்டினால் இவன் மின்விசிறியைப் பார்ப்பான். கட்டுப் பிரித்தால் வராந்தாவுக்கு ஓடிவிடுவான். சமைத்துப் போடுவது, மருந்து வாங்குவது, கூட்டிப் போய்க் கூட்டி வருவது, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பார்ப்பது மட்டும் கிடையாது.

இப்போது அது திரும்பி வந்திருந்தது. இடுப்பெலும்பில் இரண்டு இடம், கழுத்தெலும்புக்கு மேலே ஒரு சின்ன நெறிக்கட்டி.

"பழையதேதான்னு நினைச்சு மருந்து கொடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர். "திரும்பி வரும்போது சில சமயம் குணம் மாறிடும். கழுத்துல ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குணம் மாறினதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒரு சாயம் போட்டுப் பார்ப்பாங்க."

"என்ன கலர்?"

டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அதை நான் பார்க்கலாமா?" என்றாள் அம்மா. "என் உடம்புல கேட்காம கொள்ளாம வந்து குடியிருக்கு. மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, கீழ்த்தளத்தில் சதையைச் சோதிக்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவரும் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்தானாம். தாராளமாக வரச் சொன்னார்.

"அப்ப சரி, ஊசி போட்டுக்கறேன்," என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணு. இவனும் என்கூட உட்கார்ந்து பார்க்கணும். இவன் பார்க்கலைன்னா எனக்கு ஒரு மருந்தும் வேண்டாம்."

காருக்கு வந்ததும் மகன் வெடித்தான். "என்னம்மா பிடிவாதம் இது? நான் பார்த்தா மட்டும் குறைஞ்சிடுமா?"

"குறையாது."

"அப்புறம் எதுக்கு?"

"முன்னாடி பாருடா, லாரி வருது," என்றாள். கால் தரையை அழுத்தியது.

அவள் சொன்னால் சொன்னதுதான். தான் பார்க்காவிட்டால் அவள் மருந்தைத் தொடமாட்டாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊசி போட்டு முடிவு வரும்வரை, லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு அதையேதான் யோசித்தான். அம்மாவுக்கு ஆசை, பார்க்கட்டும். என்னை எதற்கு இழுக்கிறாள்? போதாக்குறைக்கு, அப்படி என்னதான் இருக்கும் அதற்குள் என்று அவனுக்கே லேசாக ஒரு அரிப்பு. அந்த அரிப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

கீழ்த்தளத்து மேசையில், எதிரெதிரே இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மாதிரி ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது.

"உங்க கார் மாதிரிதான் டீச்சர், இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு," என்று டாக்டரம்மா தன் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்த பழைய சதை ஒட்டிய கண்ணாடித் துண்டை முதலில் வைத்தார், பிறகு புதியதை. அம்மா மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சாயம் வேறயா இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் தீர்மானமாக.

"இல்ல டீச்சர். பழசுல பழுப்பு நல்லா ஏறியிருக்கு பாருங்க. புதுசுல துளிகூட ஏறலை, வெறும் நீலம். பழுப்பு ஏறினாத்தான் நீங்க சாப்பிடற மாத்திரை கேட்கும். இதுக்குக் கேட்காது. நரம்புல ஏத்தற மருந்துதான் கொடுப்பாங்க."

"அந்த மருந்துக்குப் போயிடுமா?"

"முழுசாப் போகாது டீச்சர். அடக்கி வைக்கப் பார்க்கலாம்."

அம்மா இன்னொரு தடவை குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினாள். மகன் உட்கார்ந்தான், குனிந்தான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வண்டி எதிரே வந்ததும் கண்ணை மூடுகிற ஆட்களை எத்தனை பார்த்திருப்பாள் அவள்! அவளிடமா நடக்கும்?

"கண்ணைத் திறடா."

"என்னை எதுக்கும்மா..."

"போன தடவை எல்லாத்தையும் நான் ஒருத்தியாத்தான் பார்த்தேன். கட்டுப் பிரிச்ச அன்னிக்குக் கண்ணாடி முன்னாடி நான் மட்டும்தான் நின்னேன். உன்கிட்ட சொல்லலாம்னு வந்தா நீ மேல பார்ப்ப." அவள் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். "எனக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியணும்டா. தனியாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இருக்கறது பயமா இருக்கு."

பயம் என்கிற வார்த்தை அம்மா வாயில் வந்து அவன் கேட்டதே இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்தான்.

நீலப் புள்ளிகள். பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பேய் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. லிஃப்ட் குழிக்குள் தேடுகிற மாதிரி மூலை மூலையாகத் தேட ஆரம்பித்தான்.

"ம்மா, நடுவுல ஒண்ணு ரெண்டாப் பிரியுது, பார்த்தியா?"

"எங்கடா?"

"அந்தப் பெருசுக்குக் கீழே."

"அட, ஆமா!"

கண்ணாடி மங்கியது. அழுகை எப்போது வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான். எதிரே அம்மா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேலே போய், புதிய மருந்துக்கு நாள் குறித்துவிட்டுக் கிளம்பினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். பழக்கதோஷத்தில் பக்கத்துக் காலையும் பார்த்தான்.

அது சும்மா கிடந்தது. அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.