திங்கட்கிழமை திறப்பு

கல்லை உடைத்தது கோதண்டபாணிதான். பூனை தள்ளிவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று அவரும் ஒரு நிமிடம் யோசித்தார். ஆனால் கிரானைட்டைத் தள்ளுகிற பூனை மயிலாப்பூரில் கிடையாது.

அது சாதாரணக் கல்லும் இல்லை. அடையாற்றங்கரை மக்கள் மேம்பாட்டுக் கழகம் ஆற்றோரக் குடியிருப்பில் கட்டி முடித்திருக்கும் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பதிக்க வேண்டிய திறப்பு விழாக் கல்வெட்டு. கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்து. வெள்ளிக்கிழமை காலை கழக அலுவலகத்தில் வந்து இறங்கியது. சுவரோரம் சாய்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் எடுத்துப் போடலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று கல்லைத் தூக்கிப்போய் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். வெறுமனே இருக்கிறதே என்று ஒரு மாலையும் போட்டார். பின்னால் நகர்ந்து போனை உயர்த்தியபோது, நாற்காலி சாவகாசமாக நான்கு கால்களையும் பரப்பிப் படுத்துக்கொண்டது.

கல் சரியாகத் தலைவர் பெயருக்குக் கீழே பிளந்தது. மேல்பாதியில் தலைவர் விஜயலக்ஷ்மி. கீழ்ப்பாதியில் மற்ற எல்லாரும். படம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. மாலையும் கழுத்துமாகக் கல் அந்தரத்தில் நின்றது.

கோதண்டபாணி கழகத்தின் கௌரவச் செயலாளர். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவி காய் நறுக்கச் சொல்வாளே என்று பயந்து சேர்ந்தவர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்பது அவருக்கு முன்பே தெரியும். மற்ற அர்த்தம் எதுவும் கிடையாது என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

சாயங்காலம் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. நிர்வாகக் குழு என்றால் அவரைத் தவிர மூன்று பேர். தலைவர் விஜயலக்ஷ்மி, கல்லூரி முதல்வராக இருந்தவர். பொருளாளர் வெள்ளைத்துரை, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். துணைத் தலைவர் பீர் முஹம்மது, பாலம் கட்டி ஓய்வுபெற்ற என்ஜினீயர். திட்டுவார்கள், வயிறு முட்ட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார் கோதண்டபாணி. திட்டிவிட்டு, "கல் போனால் போகிறது, திங்கட்கிழமை திறந்துவிடுவோம்" என்பார்கள் என்றும் நினைத்திருந்தார்.

யாரும் திட்டவில்லை.

"கல்லு உடைஞ்சதும் ஒரு வகைக்கு நல்லதுதான் வேய்," என்றார் வெள்ளைத்துரை. "எழுத்து பொடிசா இருந்துச்சுல்லா? எங்க அப்பா பேரையும் விட்டுட்டாவ."

"என் பேருக்குப் பின்னாடி பட்டம் போடல," என்றார் பீர் முஹம்மது. "புதுசா அடிக்கிறதுதான் அடிக்கிறோம், நிதானமா அடிப்போமே."

"அவசரம் என்ன?" என்றார் விஜயலக்ஷ்மி. "நல்ல நாளாப் பாத்து வெச்சுக்கலாமே."

"மேடம், திங்கட்கிழமைதான் நல்ல நாள்னு நீங்கதானே பாத்துச் சொன்னீங்க?"

"அதைவிட நல்ல நாளும் இருக்கும், கோதண்டபாணி."

அப்போது கோதண்டபாணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. செண்பகம். குடியிருப்பில் காப்பகத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள். கொட்டிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். மூன்று வயதுப் பெண் குழந்தை. கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று அந்த வீட்டு அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"சார், இன்னா சார், கல்லு ஒட்ஞ்சி பூட்சாமே? தொறப்பீங்களா, மாட்டீங்களா?"

"பேசிட்டு இருக்கோம்மா."

"நீங்க பேசிக்கினே இருங்க. நான் புள்ளைய உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போவேன். வேற இன்னா பண்றது?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

"ஆவன செய்யப் பரிசீலிக்கலாம்" என்று தீர்மானம் போட்டுவிட்டுக் குழு கலைந்தது. அந்தக் கழகத்தில் யாரும் எதற்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. 'சரி' என்றும் சொன்னதில்லை.

ஒவ்வொருவராகப் பிடித்தால் மசிவார்கள் என்று கோதண்டபாணி கணக்குப் போட்டார். சனிக்கிழமை காலை தி.நகர். எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே வெள்ளைத்துரை முகம் மலர வரவேற்றார்.

"காபி குடியும். எனக்கு என்ன ஆட்சேபம்? பாய் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் மறுவார்த்தை பேச மாட்டேன்."

"அண்ணாச்சி, உங்க வார்த்தையைக் கேக்கத்தான் வந்தேன்."

"என் வார்த்தைதான் இது. பாய் சொல்லட்டும்."

தேனாம்பேட்டை சிக்னலில் வெந்து, அடையாறு போய்ச் சேர்ந்தார். பீர் முஹம்மதுவும் காபி கொடுத்தார்.

"எனக்கு டபுள் ஓகே, கோதண்டம். மேடம் தலைவர். அவங்களைத் தாண்டி நான் எப்படி?"

"மேடம் சொன்னா ஓகேயா?"

"மேடம் சொல்லட்டும். அண்ணாச்சிக்கும் மனசு கோணக்கூடாது, பாத்துக்குங்க."

"பாய், அண்ணாச்சி உங்களைக் கைகாட்டுறார். நீங்க மேடத்தைக் கைகாட்டுறீங்க. மேடம் யாரைக் கைகாட்டுவாங்க?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும்," என்று பீர் முஹம்மது மிக நேர்மையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாப்பூரில் விஜயலக்ஷ்மி வீட்டு அழைப்பு மணியை அழுத்தியபோது கோதண்டபாணிக்கு நெஞ்செரிச்சல் வேறு. அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாங்கோ. ஆத்துல யாரும் இல்லை, தனியாத்தான் இருக்கேன். காபி கலக்கட்டுமா?"

"கும்பிட்டுக் கேக்கறேன், வேண்டாம் மேடம். இதுவரை குடிச்ச காபிக்கு ஒரு ஆமாம் கிடைக்கல. இனி என் குடலுக்குத் தாங்காது." உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவரை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "அண்ணாச்சி பாயைக் கேக்கச் சொல்றார். பாய் உங்களைக் கேக்கச் சொல்றார். நீங்க யாரைச் சொல்லப்போறீங்க? கல்லை உடைச்சது நான். அதுக்கு என்னைத் திட்டுங்க, வேலையை விட்டுத் தூக்குங்க. பட்டம், எழுத்து, நல்ல நாள்னு அந்தப் பொம்பளைங்களை ஏன் நிக்கவைக்கறீங்க?"

கழகத்தில் யாரும் தலைவரிடம் அப்படிப் பேசியதில்லை. தான் பேசிவிட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. காபிக்குச் சரி என்று சொல்லியிருக்கலாம்.

விஜயலக்ஷ்மி கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்லு உடைஞ்சுதுன்னு போன் பண்ணேளே, அப்போ எனக்கு எப்படி இருந்தது தெரியுமோ?"

"கோபமா இருந்திருக்கும்."

"அப்பாடான்னு இருந்தது."

விஜயலக்ஷ்மி கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பது குழந்தைகள். பக்கத்துல ஆறு. கேட்டை யாரோ ஒருத்தர் ஒருநாள் சரியாச் சாத்தாமப் போனா? கட்டறவரைக்கும் தெரியலை. சாவியைக் கையில குடுத்தா பாருங்கோ, அன்னிலேர்ந்து தூக்கம் இல்லை. காலேஜ்ல இருந்தது எல்லாம் வளந்த பொண்கள். தடுக்கி விழுந்தா தானே எழுந்துக்கும். இதுகள் அப்படியா? அவா ரெண்டு பேருக்கும் இதே பயம்தான். பாலம் கட்டினவருக்குத் தண்ணி என்ன பண்ணும்னு தெரியாதா? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வெக்கம். அதான் பட்டம், அப்பா பேருன்னு பேசிண்டிருக்கோம்."

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சைக் கைவசம் வைத்திருப்பவர் கோதண்டபாணி. மாமனார் காரியத்தில்கூட ஒன்றை எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். இப்போது தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கும் பயம்தான் மேடம்," என்றார். "திங்கட்கிழமைன்னு தைரியமா நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய் பி.பி. மாத்திரையை ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்."

விஜயலக்ஷ்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நாம திறக்கலைன்னா அந்தக் குழந்தைங்க ஆத்தங்கரையை விட்டு எங்கயும் போயிடப்போறதில்லை, மேடம். அங்கயேதான் இருக்கும். செண்பகத்தோட பொண்ணு மட்டும் பூட்டுன ரூம்ல இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. கோதண்டபாணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், ஒரே வார்த்தை சொல்லுங்க. பரிசீலிக்கலாம், ஆட்சேபம் இல்லை, பாக்கலாம், இதெல்லாம் வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க, செண்பகத்துக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். அவ வேற வழி பாத்துக்கட்டும். நாளைக்குத் திறக்கறோமா, இல்லையா?"

"திறக்கறோம்," என்றார் விஜயலக்ஷ்மி. "ஏழு மணிக்கு வந்துடறேன். கேட்டண்டை நான் நின்னுக்கறேன்."