சொல்லிவிட்ட மறுநாள்

காலையில் இல்லத்தின் கேட்டை ஞானசௌந்தரி திறக்கும்போதே நர்ஸ் மைதீன் பாத்திமா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சுடலைக்கண்ணு ஐயாவைக் காணோம்க்கா. விடிய மருந்து கொடுக்கப் போனேன், கட்டில் சும்மா கிடக்கு. செருப்பும் இல்ல."

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த இல்லத்தில், இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்ட புற்றுநோய்க்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். வலிக்கு மருந்து கொடுப்பது பாத்திமாவின் வேலை. அவர்களை மனம்விட்டுப் பேச வைப்பது, வீட்டாரைத் தேற்றுவது, சாவுக்குப் பிறகும் அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஞானசௌந்தரியின் வேலை. மதுரையில் சமூகப்பணி படித்தவள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சுடலைக்கண்ணு சீவலப்பேரிக்காரர். வாழைத்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். வயிற்றில் புற்று. அவரைச் சேர்த்த அன்றே மகள் தேன்மொழி ஞானசௌந்தரியைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட குடல்புண்ணுன்னுதான் சொல்லியிருக்கு. நீங்களும் அப்படியே சொல்லிருங்கக்கா. தெரிஞ்சா அன்னைக்கே ஆத்துல விழுந்துருவாவ."

நேற்று சாயங்காலம் அவர் நேராகவே கேட்டுவிட்டார். "யம்மா, நீ பொய் சொல்ல மாட்டேன்னு நினைக்கேன். புரட்டாசிய நான் பாப்பேனா?"

அப்போது ஆடி பிறந்து சில நாள்தான். ஞானசௌந்தரி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். என்ன நோய் என்பதைச் சொன்னாள். புரட்டாசி வரை இருப்பது கஷ்டம் என்று டாக்டர் நினைப்பதையும் சொன்னாள். அவர் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போனாள். இன்று காலை மகளிடம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

தேன்மொழி கஞ்சித் தூக்குடன் வந்து காலிக் கட்டிலைப் பார்த்தாள். நேற்று அவரிடம் சொன்னதை ஞானசௌந்தரி மறைக்கவில்லை.

"சொல்லிட்டீங்களா?" தேன்மொழி தூக்கைக் கீழே வைத்தாள். "அவ்வளவு சொல்லியும் சொல்லிட்டீங்களா?"

இல்லத்து டிரைவர் தேவசிகாமணி அண்ணாச்சி வேனை எடுத்தார். முதலில் வண்ணாரப்பேட்டைப் படித்துறை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றார்கள். ஆற்றில் தண்ணீர் நிறையவே போனது. கரையோரம் வேட்டி மாதிரி எதுவோ ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு ஞானசௌந்தரி ஓடினாள். பழைய சாக்கு. திரும்பி வந்தபோது தேன்மொழி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அண்ணாச்சிதான் பாளையங்கோட்டை பஸ் நிறுத்தத்துக் கடைகளில் கேட்டுக்கொண்டு வந்தார். "டீக்கடைக்காரர் பாத்திருக்காரு. வயித்தப் பிடிச்சிக்கிட்டுப் பைய நடந்து வந்திருக்காவ. திருச்செந்தூர் பஸ்ல ஏறிட்டாவளாம்."

"திருச்செந்தூர்னா கடலுல்லா," என்று தேன்மொழி அலறினாள்.

அண்ணாச்சி வேனைத் திருச்செந்தூர் ரோட்டில் விட்டார். காலை மருந்தை அவர் சாப்பிடவில்லை என்பது ஞானசௌந்தரியின் நெஞ்சை அறுத்தது. இந்நேரம் வலி ஏறியிருக்கும். வலி தாங்காத மனுஷன் கடலைப் பார்த்தால் என்ன நினைப்பான்? தான் சொல்லியிருக்க வேண்டாமோ? சொன்ன பிறகாவது ராத்திரி பக்கத்தில் ஓர் ஆளை இருக்கச் சொல்லியிருக்கலாமே! பாத்திமா கொடுத்தனுப்பிய மருந்துப் பொட்டலம் அவள் உள்ளங்கை வேர்வையில் நனைந்துபோனது.

திருச்செந்தூரில் ஒரு பழக்கடைக்காரர், அப்படியொருவர் குலசேகரன்பட்டினம் பஸ் எது என்று தன்னிடம் விசாரித்ததாகச் சொன்னார்.

தேன்மொழி அப்படியே வேன் கதவில் சாய்ந்துவிட்டாள். "குலசைக்கா போயிருக்காவ?"

பிறகு சொன்னாள். சின்னப்பிள்ளையில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்கமாட்டாள் என்று டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார் அப்பா. பிள்ளை எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து தசராவுக்குத் தசரா விரதமிருந்து, காளி வேஷம் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை எடுத்துக் கோயிலில் கொண்டு சேர்ப்பார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தசரா வருவது புரட்டாசி கடைசியில்.

கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் சுடலைக்கண்ணு. முகமெல்லாம் வேர்த்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வந்துட்டியாளா. எப்படித் திரும்பப் போறோம்னுதான் நினைச்சிக்கிட்டு இருந்தேன்."

"ஏம்ப்பா சொல்லாம வந்தீங்க?"

"சொன்னா விடுவியா? வருசாவருசம் வாரேன்னு ஆத்தாகிட்ட வாக்குக் கொடுத்தவன். இந்த வருசம் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிரலாமா? ஆத்தாளும் கேட்டுக்கிட்டா. எல்லாம் சொல்லிட்டேன்."

ஞானசௌந்தரி அவரருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மருந்தைக் கொடுத்தாள். தண்ணீர்ச் செம்பை அவர் வாயில் வைத்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டியோ யம்மா?"

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

திரும்பும்போது பின்சீட்டில் மகள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, மருந்து கேட்கத் தொடங்கியதும் மெல்லக் கேட்டார். "ஏளா, நான் போனப்புறம் நீ அந்த வீட்டுல தனியாவா இருப்ப?"

"அப்படிலாம் பேசாதீங்கப்பா."

"பேசணும்லா. யாரும் பேசாம இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. நீ அங்கிட்டுப் போயி அழுதுட்டு வருத, நான் தெரியாத மாதிரி படுத்துக்கிடக்கேன். என்னத்துக்கு?"

முன்சீட்டில் ஞானசௌந்தரி அசையாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி விசும்பும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, தென்காசிச் சித்தி அங்கே வந்து இருக்கச் சொல்வதாகவும், தனக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொல்ல ஆரம்பித்தாள். பிடிக்காவிட்டால் போகாதே என்றார் அவர். இல்லம் வந்து சேரும்வரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

ஆவணி முடியுமுன் அவர் இறந்துபோனார். பதினாறு கழிந்து ஒருநாள் மத்தியானம் ஞானசௌந்தரி சீவலப்பேரிக்குப் போனாள். தேன்மொழி காப்பி போட்டுக் கொடுத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இன்னும் போவலக்கா."

"இருக்கட்டும் தேன்மொழி."

"அன்னைக்கு அவுக கடலுக்குப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தெரியல. தினமும் அதைத்தான் நினைக்கேன். யார்கிட்ட பேச உக்காந்தாலும் இப்ப பயமாத்தான் இருக்கு."

தேன்மொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா கடைசியில எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போனாவ," என்றவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சாவன்றுகூட இவள் இப்படி அழவில்லை. ஞானசௌந்தரி பாயில் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் திரும்பிப் போக வேண்டிய நாலு மணி பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஞானசௌந்தரி எழுந்திருக்கவில்லை.